குறை சொல்லும் மேசை

எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடிக்காரியை எல்லோரும் மடிப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். லாண்டரியில் வேலை. நகரத்தின் பெரிய ரெஸ்டாரண்டுகளெல்லாம் மேசை விரிப்பையும் மடியில் விரிக்கும் துணியையும் அங்கேதான் வெளுக்கப் போடுகின்றன. கறை பார்த்துத் துணி பிரித்துத் தேய்ப்பதும், வெளுத்து வந்ததை இஸ்திரி போட்டு மடிப்பதும் அவள் பொறுப்பு. மடித்து மடித்துக் கை பழகிப்போய், பஸ் டிக்கெட்டைக் கொடுத்தால்கூட நான்காக மடித்து ஓரத்தை நகத்தால் நீவிவிட்டுத்தான் பைக்குள் வைப்பாள். நான் கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வேலை முடிந்து வருகிறவள் நேராக மாடி ஏறமாட்டாள். என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவாள்.

திங்களும் செவ்வாயும் அவளுக்குப் பேச்சு அதிகம். சனி ஞாயிறில் ஊர் வெளியே போய்ச் சாப்பிட்டதெல்லாம் அந்த இரண்டு நாளில்தான் மூட்டை மூட்டையாக லாண்டரியில் வந்து இறங்கும்.

“பாலத்துக்குப் பக்கத்துல புதுசா தொறந்தாங்கல்லக்கா, அங்க மீன் மேல பீட்ரூட்ட அரைச்சு ஊத்தறாங்க.”

“நீ எப்படீ போயிப் பாத்த?”

“நான் எங்க போறது? கறை வந்துச்சே. மூணு தண்ணி மாத்தியும் போகல.”

டீயை ஊதிக்கொண்டே மேலும் சொல்வாள். “தொறப்பு நாள் துணியப் பாத்ததும் கண்டுபிடிச்சிடலாம்க்கா. சாப்பாட்டுக் கறையே இருக்காது. வந்தவங்கள்ல பாதிப் பேரு போட்டோ எடுக்க வந்திருப்பாங்க. உதட்டுச் சாயம் மட்டும் ஒட்டியிருக்கும். மூணாவது மாசத் துணியில நல்லா அப்பிக்கிட்டு கறை வரணும். அப்பதான் கடை பொழச்சுதுன்னு அர்த்தம்.”

எந்தத் தெருவில் எந்தக் கடை திறந்தது, எதை ருசி பார்க்க ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள், எந்தக் கடைக்குப் போனவர்கள் மறுபடியும் போகவில்லை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒரு கடையில்கூட நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இத்தனைக்கும் அவள் புருஷன் அந்தத் தொழிலில்தான் இருக்கிறார்.

அவரை நாங்கள் டைக்காரர் என்போம். சர்வர். கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு கறுப்பு டை கட்டிக்கொண்டு இருபத்தைந்து வருடமாகப் பரிமாறுகிறார். ஊர் ஜனம் பொழுதைக் கழிக்கக் கிளம்புகிற நாளெல்லாம் அவருக்கு இடுப்பொடிகிற நாள். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது. வீட்டுக்குள் வாயைத் திறக்கமாட்டார், அவ்வளவுதான். நாள் முழுக்கச் சிரித்துக் கன்னம் வலிக்கிறது என்பார். எனக்குத் தெரிந்து அந்தக் கன்னத்துக்கு ஓய்வு கொடுப்பதற்கென்றே வீட்டுக்கு வருகிற மனுஷன் அவர்.

இவர்களுக்கு ஒரே பெண். வேறு ஊரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவள் பிறந்தது ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு ஏதோ ஒரு புதுக் கடைத் திறப்பு. டைக்காரர் வரவில்லை. மறுநாள் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வந்தவர் கட்டில் பக்கத்தில் நின்று, நெஞ்சில் கைவைத்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, “மனசுல வச்சுக்காத. இனிமே உனக்கு ஒரு குறையும் வராம நான் பாத்துக்கறேன்” என்றாராம்.

இதை மடிப்பு என்னிடம் ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பாள். அவர் வாய்விட்டுச் சொன்ன ஒரே வார்த்தை அது. எனக்கு எரிச்சல் வந்து ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“ஒரே ஒரு வாக்கியத்த வச்சுக்கிட்டு இருபது வருஷமா குடித்தனம் பண்றியேடீ, உனக்கே நல்லா இருக்கா?”

“சில பேருக்கு அந்த ஒண்ணுகூட இல்லையேக்கா.”

என் புருஷன் சொல்லிக்கொள்ளாமல் போனவன். குத்துகிறாளா, பரிதாபப்படுகிறாளா என்று தெரியாமல் நான் மெஷினை மிதிக்க ஆரம்பித்தேன்.

இந்த நிலையில்தான் ஒருநாள் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“அக்கா, அவரு புதுக் கடைக்கு மாறப் போறாரு. அங்க கேப்டனா எடுத்தாலும் எடுப்பாங்களாம்.”

கேப்டன் என்றால் சர்வர்களுக்கெல்லாம் மேலே. தட்டு தூக்க வேண்டாம், மேசை மேசையாகப் போய் விசாரித்தால் போதும்.

“கேப்டனுக்கு மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம லீவாம்க்கா. அந்த ஞாயிறு உனக்குன்னு சொல்லிட்டாரு. எங்க போலாம்னு யோசிச்சு வைன்னாரு.”

“யோசிச்சிட்டியா?”

“ஏரிக்கரைக் கடை. மஞ்சள் ஓரம் வச்ச துணி வருமே, அது. ரெண்டு பேரும் ஜன்னலோரமா உக்காந்து, அவரு பரிமாறாம, வேற யாராவது அவருக்குப் பரிமாறணும்.” சொல்லும்போதே அவள் கழுத்துவரை சிவந்துபோனாள். நாற்பது வயதுக்காரி.

அந்தப் புதுக் கடை முதலாளியம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடை திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒத்திகைச் சாப்பாடு போடுவாள். விருந்தாளிகள் வேறு யாருமில்லை, வேலைக்காரர்களின் வீட்டு மனுஷர்கள்தான். ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டி வரலாம். அவரவர் வீட்டாருக்கு அவரவரே பரிமாற வேண்டும். சொந்த ஜனத்துக்கு முன்னால் பதறாமல் நிற்கிறவன் எங்கேயும் நிற்பான் என்பது அவள் கணக்கு. ஒவ்வொரு மேசையிலும் தட்டுக்கு அடியில் ஒரு சீட்டு இருக்கும். ‘அவசரத்தில் வந்தவர்’, ‘காது கேட்காதவர்’, ‘எதுவும் பிடிக்காதவர்’ என்று எழுதியிருக்கும். உட்கார்ந்தவர் அதன்படி நடந்துகொள்ள வேண்டும். சீட்டில் என்ன இருக்கிறதென்று சர்வருக்குத் தெரியக்கூடாது.

கேப்டன் வேலைக்கு டைக்காரரோடு இன்னொருவரும் போட்டி. எதுவும் பிடிக்காதவரைச் சமாளித்துக் காட்டுகிறவருக்குத்தான் கிடைக்கும் என்று பேச்சு. தட்டுகளைப் பரப்புகிற வேலை டைக்காரரிடம் இருந்தது. அந்தச் சீட்டைத் தன் பெண்டாட்டி தட்டுக்கு அடியில் வைத்துவிடுவதென்று முடிவு செய்துவிட்டார். மனுஷன் தொழிலில் கெட்டிக்காரர். குறை சொல்கிறவளும் தன் கைக்குள் இருந்தால் தோற்கிறதெப்படி?

ஒத்திகைக்கு ஒத்திகை என் கடையில் நடந்தது. நான் துணி வெட்டுகிற மேசைதான் ரெஸ்டாரண்ட். ஒரு வாரம் காலை ஏழு மணிக்கெல்லாம் இரண்டு பேரும் இறங்கி வந்துவிடுவார்கள். அவர் கையில் ஒரு துண்டைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போடுவார்.

“வாங்க மேடம். உக்காருங்க.”

மடிப்பு சிரித்து சிரித்து மேசையில் கவிழ்ந்துவிடுவாள்.

“சிரிக்காதம்மா. நேரமாகுது. சொல்லு.”

“சூப்புல உப்பு ஜாஸ்தி.”

“மன்னிக்கணும் மேடம். இதோ மாத்திக் கொண்டு வரேன்.”

“பரவால்லங்க.”

“உடனே பரவால்லன்னு சொல்லிட்டா எப்படி? முகத்தத் திருப்பிக்கோ. நான் ரெண்டாவது தரம் கேட்டப்புறம் சொல்லு.”

“நீங்க மன்னிப்பு கேட்டா எனக்குப் பாவமா இருக்குங்க.”

“பாவம்லாம் பாக்காத. நல்லா மொறைச்சுப் பாரு. அக்கா, நீங்களாவது சொல்லுங்க.”

அந்த ஏழு காலையும் அவள் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னே பார்த்ததில்லை. நாற்காலி இழுத்துப் போட ஒரு ஆள், என்ன வேண்டுமென்று கேட்க ஒரு ஆள், அதுவும் தன் ஆள். பொய்யாக இருந்தால் என்ன? இரண்டு பேருக்கான இடத்தில் இன்னொன்றுக்கு என்னையே கூப்பிட்டாள். இருவருக்கும் நானே உடுப்புத் தைத்தேன். அவளுக்கு நீலம், கழுத்தில் வெள்ளைப் பட்டி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. உயரமான கண்ணாடிகள், பன்னிரண்டு மேசை, மேசைக்கு மேசை வெள்ளை விரிப்பு. வாசலிலேயே டைக்காரர் நின்றிருந்தார்.

“வாங்க மேடம். உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்.”

வீட்டில் அவர் அவளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மடிப்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முதல் வேலையாக விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். “நல்ல நூலுதான்க்கா. ஆனா கஞ்சி பத்தல” என்றாள். தட்டைத் தூக்கினாள். சீட்டு இருந்தது.

ரொட்டியும் வெண்ணெயும் வந்தன. பிறகு காளான் சூப். கூடவே ருசி பார்ப்பதற்கென்று குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் ஆறு தினுசு. மடிப்பு ஒவ்வொன்றையும் கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்கள் விரிந்தன.

“அக்கா, இதுதான் அந்தப் பழுப்புக் கறை! எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்ப்போமே, அது. இது கசக்கும்னு நெனச்சேன், இனிக்குதே!”

அடுத்ததைத் தொட்டாள். “இது அந்த மஞ்சக் கறை. அடப்பாவி, இவ்ளோ ருசியா இருந்துக்கிட்டா என் உயிர எடுத்த?”

பத்து வருடமாக அவள் கையால் தேய்த்ததெல்லாம் ஒரே மத்தியானத்தில் அவள் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. எனக்கே கண் கலங்கியது. இந்தப் பாழாய்ப்போன சாப்பாடு இதோடு முடிந்திருக்கலாம்.

டைக்காரருக்கு எங்கள் மேசையோடு பக்கத்து மேசையும் பொறுப்பு. அதில் ரொட்டி சுடுகிறவருடைய மாமனார் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ‘அவசரம்’ சீட்டு. நல்ல நடிகர். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மேசையைத் தட்டினார்.

“என்னய்யா கடை நடத்தறீங்க? சூப்புக்கு இவ்வளவு நேரமா?”

டைக்காரர் ஒரு அடி பின்னால் வைத்து நின்றார். நெஞ்சில் கைவைத்தார். தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

“மனசுல வச்சுக்காதீங்க சார். இனிமே உங்களுக்கு ஒரு குறையும் வராம நான் பாத்துக்கறேன்.”

மடிப்பின் கை கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியைப் பிய்த்தேன். மெதுவாகக் கேட்டாள்.

“இது அவங்க தொழில்ல சொல்றதாக்கா?”

“ஏதோ வாய்ல வந்திருக்கும்டீ. சாப்பிடு.”

“கையக்கூட அதே மாதிரி வச்சாரு.”

அதற்குள் டைக்காரர் எங்கள் மேசைக்கு வந்துவிட்டார். தூணோரமாக முதலாளியம்மா நோட்டும் பேனாவுமாக நின்றிருந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும், கண் மட்டும் ஊசி.

“சூப் எப்படி இருக்கு மேடம்?”

மடிப்பு கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் புருவத்தை உயர்த்தி ஜாடை காட்டினார். உப்பு, உப்பு.

“சூப் நல்லா இருக்கு” என்றாள் மடிப்பு.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

“சூப் நல்லா இருக்கு. நீங்கதான் சரியில்ல.”

முதலாளியம்மா தூணை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

“எத்தன வருஷமா உங்க கையால எனக்கு ஏதாவது வந்திருக்கா? எல்லா மேசைக்கும் சிரிச்ச முகமா போறீங்க. என் மேசைக்கு வரும்போது மட்டும் எதுக்கு மூஞ்சி செத்துப்போகுது? என்ன வேணும்னு ஒரு நாள் கேட்டிருப்பீங்களா? நான் வலியில கெடந்தப்ப, இதே மாதிரி யாருக்கோ தட்டு வச்சுக்கிட்டிருந்தீங்க. மறுநாள் வந்து நெஞ்சுல கைவச்சு ஒண்ணு சொன்னீங்க. அத நான் வச்சிருக்கேங்க. இன்னிக்கு வரைக்கும் வச்சிருக்கேன். அதையே போறவன் வர்றவனுக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கீங்களே, எனக்கு மட்டும்னு சொல்ல உங்ககிட்ட ஒரு வார்த்தகூடவா இல்ல?”

பன்னிரண்டு மேசையிலும் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. டைக்காரர் ஒரு கணம் ஆடிப்போனார். நான் பார்த்தேன். அந்த ஒரு கணத்தில் அவர் எங்கள் மாடிக்காரராக இருந்தார். பிறகு அவர் கண் முதலாளியம்மாவின் பேனாவுக்குப் போனது. அவ்வளவுதான், தொழில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மெதுவாக முழங்காலை மடித்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கண் அவள் கண்ணுக்குக் கீழே இருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க சொன்னதுல ஒரு வார்த்தகூட தப்பில்ல மேடம். நீங்க காத்துக்கிட்டிருந்தீங்க. நாங்க வரல. நீங்க கேக்காம இருந்ததால உங்களுக்கு எதுவும் வேணாம்னு நெனச்சுட்டோம். அந்தத் தப்பு எங்களோடது. இப்ப சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேணும்?”

இருபது வருடமாக அவள் கேட்க ஏங்கிய அத்தனையும் வரிசையாக வந்துவிட்டது. பொய்யென்று தெரிந்தும் அவள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

“இவ்வளவு நல்லா பேச வருமா உங்களுக்கு?”

“அதுதானே மேடம் எங்க வேலை” என்று அவர் புன்னகை செய்தார்.

அதற்குப் பிறகு வந்த கறியோ கேக்கோ எப்படி இருந்ததென்று என்னால் சொல்ல முடியாது. மடிப்பு எல்லாவற்றையும் சாப்பிட்டாள். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. வாயில் போனது எதுவென்று அவளுக்கும் தெரிந்திருக்காது.

முடிந்து வெளியே வந்து சுவரோரமாக நின்றோம். டைக்காரர் பின்வாசல் வழியாகத் தலைகால் புரியாமல் ஓடிவந்தார்.

“பின்னிட்டம்மா! நாம பேசி வச்சது என்ன, நீ பேசினது என்ன! வீட்டு சமாச்சாரத்தையெல்லாம் எடுத்துச் சேத்தியே, எங்கேருந்துதான் வந்துச்சோ உனக்கு! ஒரு நிமிஷம் நானே நெசம்னு நெனச்சுட்டேன். கேப்டன் நான்தான், சொல்லிட்டாங்க!”

அவர் திரும்பி உள்ளே ஓடினார். இன்னும் மேசை துடைக்க வேண்டியிருந்தது.

அவர் போனதும் முதலாளியம்மா வந்தாள். வந்த வேகத்தில் மடிப்பின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்க நடிக்கலன்னு எனக்குத் தெரியும்.”

மடிப்பு தலை குனிந்துகொண்டாள்.

“அதனாலதான் கேக்கறேன். வருஷத்துக்குள்ள இன்னும் அஞ்சு கடை தொறக்கறேன். என் சிநேகிதங்க கடைகளும் இருக்கு. சனி ஞாயிறுல போயி உக்காந்து சாப்பிட்டு, இதே மாதிரி சர்வருங்களக் கேளுங்க. நடிக்கிற ஆளு எனக்கு வேணாம். அவங்க பேச்சுல சூடு இருக்காது. உங்களுக்குச் சாப்பாடும் ஆச்சு, வேலையும் ஆச்சு.”

“ஏம்மா, நெசம்னு தெரிஞ்சும்…” என்று ஆரம்பித்தேன். மடிப்பு என்னைத் தடுத்துவிட்டாள்.

“ஞாயித்துக்கெழம அவருக்கு மாசத்துல ஒரு நாள் லீவு. அன்னிக்கு மட்டும் வர முடியாது. பரவால்லயாம்மா?”

“ஞாயித்துக்கெழம கேப்டன் இல்லாம கடை எப்படிக்கா நடக்கும்? செவ்வாய்க்கெழம எடுத்துக்கறேன்னு அவரே சொல்லிட்டாரே. உங்ககிட்ட சொல்லலயா?”

செவ்வாய்க்கிழமை லாண்டரியில் நிமிரக்கூட நேரம் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

“சரி, வரேன்” என்றாள் மடிப்பு.

எட்டு மாதம் ஆகிறது. சனி ஞாயிறானால் மத்தியானம் நான் தைத்துக் கொடுத்த உடுப்பில் கிளம்பிவிடுகிறாள். திறக்கப்போகிற கடை, திறந்த கடை, ருசி பார்க்கக் கூப்பிடுகிற கடை என்று ஊரில் அவள் கால் வைக்காத இடமில்லை. ஏரிக்கரைக் கடையில் ஜன்னலோரமாகவே உட்காரவைத்தார்களாம். எதிர் நாற்காலியில் தன் பையை வைத்துக்கொண்டாளாம். கட்டடத்துப் பெண்களுக்கெல்லாம் பொறாமை. கொடுத்து வைத்தவள் என்கிறார்கள். ஏதோ ஒரு சர்வர், மகன் வயதுப் பையன், அவள் கேட்ட கேள்வியில் அடுப்படிக்குள் போய் அழுதே விட்டானாம். அன்றைக்கு முதலாளியம்மா அவளுக்கு வீட்டுக்கு எடுத்துப்போக முழு கேக் கொடுத்தனுப்பினாள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. நான் தொடவில்லை.

கறையைப் பற்றி இப்போதெல்லாம் அவள் பேசுவதில்லை. போன புதன்கிழமை வந்து ஸ்டூலில் உட்கார்ந்தவள், டீயைக் கையில் வைத்துக்கொண்டு, “நேத்து அரை நாள் லீவு போட்டேன்க்கா” என்றாள். “அவரு வீட்ல இருந்தாரு. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

“என்னத்தச் சொன்ன?”

“அன்னிக்குப் பேசினது நடிப்பு இல்லன்னு. ஒவ்வொரு வாரமும் யாரோ ஒரு சர்வரப் பாத்து நான் கேக்கறதெல்லாம் அவரத்தான் கேக்கறேன்னு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம், டைய அவுத்துட்டு உக்காந்து ஒரு வார்த்த எங்கிட்ட பேசுங்கன்னு. அழுகையா வந்துடுச்சுக்கா. அழுதுகிட்டேதான் சொன்னேன்.”

நான் மெஷினை நிறுத்திவிட்டேன். “கேட்டாரா?”

“டிவிய நிறுத்திட்டு முழுசா கேட்டாரு.”

“என்ன சொன்னாரு?”

“கை தட்டினாரு. ‘சனிக்கெழம இதையே சொல்லு, அழுகைய மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கோ, சாப்பிட வந்தவங்க இவ்வளவு அழமாட்டாங்க’ன்னாரு.”

கத்தரிக்கோலை மேசையில் வீசிவிட்டு எழுந்தேன். மாடி ஏறிப்போய் அந்த மனுஷனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. மடிப்பு என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“வேணாம்க்கா. உங்களுக்கும் வேல போட்டுக் குடுத்துடுவாங்க.”